இந்தியாவுடன் எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு) ஒப்பந்தம் வந்தால் இலங்கைக்கு லாபம்தானே, பிறகு ஏன் அங்கே இத்தனை எதிர்ப்பு?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைக்கிறேன். "2022இல் இந்தியா அவ்வளவு உதவி செய்தும் ஏன் இன்னும் எதிர்க்கிறீர்கள்" என்று விளக்கத்தில் எழுதி, இந்தியாவிலிருந்து தலைமன்னாருக்குப் பாலம் போடும் பேச்சைப் பற்றியும் கேட்டிருக்கிறார். நான் யாழ்ப்பாணத்துக்காரன், கொழும்பில் சரக்குக் கிளியரிங் தொழிலில் இருப்பவன். சுங்கத்துக்கும் வியாபாரிக்கும் நடுவில் கடதாசிக் கட்டோடு அலைகிறவனுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த உதவி. யாரும் மறக்கவில்லை. 2022இல் நாடு நெருக்கடியில் விழுந்து, ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த அந்தக் காலத்தில், எரிபொருளுக்கு 50 கோடி டொலர், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டொலர் என்று இந்தியா கடன் வசதி தந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 400 கோடி டொலர். அன்று பெற்றோல் வரிசையில் நின்றவனுக்கு அந்தக் கப்பல்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். ஆனால் கஷ்ட காலத்தில் கை கொடுத்தவரோடு காலம் முழுக்கக் கூட்டு வியாபாரம் செய்வதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பழைய கணக்குகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் ஏற்கனவே இருக்கிறது. 1998 டிசம்பரில் பிரதமர் வாஜ்பாயும் எங்கள் ஜனாதிபதி சந்திரிகாவும் கையெழுத்திட்டது, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மோசமாக எழுதிய ஒப்பந்தம் என்று சொல்ல மாட்டேன். பெரிய நாடு முதலில் வரியைக் குறைக்க வேண்டும், சின்ன நாடு மெதுவாகக் குறைக்கலாம் என்று அதிலேயே இருந்தது. இந்தியாவுக்கு மூன்று வருடம், எங்களுக்கு எட்டு வருடம். வரிச்சலுகை இல்லாத பொருட்களின் பட்டியலில் இந்தியா 429 பொருட்களை வைத்தது, நாங்கள் 1,180 வைத்துக்கொண்டோம். இந்தியாவுக்கான எங்கள் ஏற்றுமதி 2000இல் சுமார் 6 கோடி டொலராக இருந்து 2005இல் 56 கோடிக்குப் போனது. இந்தியாவிலிருந்து இங்கே வருகிற பொருளில் பெரும்பகுதிக்கு அந்த ஒப்பந்தம் தேவையே இல்லை, எரிபொருளும் வாகனமும் அது இல்லாமலே வருகின்றன. சலுகையை அதிகம் பயன்படுத்தியவர்கள் நாங்கள்தான்.

அப்படியென்றால் ஏன் புகைச்சல்? அந்த 56 கோடிக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் புரியும்.

பெரும் பங்கு வனஸ்பதியும் செம்பும். இலங்கையில் விளையாத இரண்டு சாமான்! அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி மிக அதிகம், இங்கே குறைவு. மலேசியா, இந்தோனேசியா எண்ணெயை இங்கே கொண்டுவந்து, வனஸ்பதியாக்கி, இலங்கை உற்பத்தி என்று சான்றிதழ் எடுத்து, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 35 சதவீதம் உள்நாட்டு மதிப்புக் கூடியிருந்தால் போதும் என்பது விதி. ஆலை போட்டவர்களில் பலர் இந்திய முதலாளிகள். இந்தியாவிலிருந்த வனஸ்பதி ஆலைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. டில்லி வருடத்துக்கு 2,50,000 தொன் என்று உச்ச அளவு வைத்தது, இறக்குமதியைத் தன் அரச நிறுவனத்தின் வழியாகத் திருப்பியது. பிறகு 2008இல் விலைவாசிக்குப் பயந்து இந்தியாவே சுத்திகரிக்காத பாமாயிலுக்கான இறக்குமதி வரியை நீக்கிவிட்டது. ஆதாயம் போனது, இங்கே ஆலைகள் படுத்தன, வேலைக்குப் போன பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

சட்டப்படி யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. தன் நாட்டு வரியைக் குறைப்பது இந்தியாவின் உரிமை. ஆனால் டில்லியில் ஒரு அறிவித்தல் வந்தால் இங்கே ஒரு தொழிலே முடிந்துபோகும் என்பது கொழும்பு வியாபாரியின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நாங்கள் பதிலுக்கு ஒரு வரி போட்டால் டில்லியில் யாருக்கும் தூக்கம் கெடாது.

மிளகிலும் இதே கதைதான். எங்கள் மிளகில் எண்ணெய்ச் சத்து அதிகம், இந்தியச் சத்தெடுப்பு ஆலைகள் விரும்பி வாங்கும். மாத்தளை, கண்டிப் பக்கத்து விவசாயிக்கு அது நல்ல சந்தை. வருடத்துக்கு 2,500 தொன் வரை வரியில்லாமல் போகலாம். இதற்குள் சில கெட்டிக்காரர்கள் வியட்நாம் மிளகை இறக்கி, இலங்கை மிளகென்று அனுப்பத் தொடங்கினார்கள். குடகிலும் கேரளாவிலும் விலை விழுந்தது, அங்கே போராட்டம். இங்கேயும் மிளகு விவசாயிகள்தான் அதை எதிர்த்தார்கள், தங்கள் பெயர் கெடுகிறதே என்று. 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகு உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. கள்ளச் சான்றிதழ் எடுத்தவன் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டான். மாட்டிக்கொண்டது மாத்தளை விவசாயி.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. ஒப்பந்தத்தில் சுங்கவரியைக் குறைத்துவிட்டு, செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி என்று வேறு பெயரில் மேலே மேலே ஏற்றுகிற நாடு இது. உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் விசேட பண்ட வரி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கப்பல் புறப்படும்போது ஒரு விலை, கொழும்புக்கு வரும்போது இன்னொரு விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025இல்தான் திறந்தார்கள். ஆட்டோ விற்கும் இந்தியக் கம்பனி எங்களை நம்பலாமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இதுதான் என் தொழிலில் நான் பார்க்கும் உண்மையான பிரச்சினை. ஆனால் தெருவில் நடந்த சண்டை வேறு எதைப் பற்றியோ.

2008இல் சார்க் மாநாட்டுக்குக் கொழும்பு வந்தபோது மன்மோகன் சிங் சீபா (விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை) ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார் என்று இருந்தது. கடைசி நேரத்தில் நின்றுபோனது. 2010இல் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச டில்லி போகும்போது உள்ளூர் வியாபாரிகள் வீதிக்கு வந்தார்கள். பிறகு பிரதமராக வந்த ரணில் விக்கிரமசிங்க அதையே கொஞ்சம் மாற்றி எட்கா என்று கொண்டுவந்தார். 2016இல் அரசாங்க வைத்தியர் சங்கமும் கணினித் துறையினரும் கிளம்பினார்கள். இந்திய வைத்தியர்கள் வந்து குவிவார்கள், குறைந்த சம்பளத்துக்குக் கணினிக்காரர்கள் வருவார்கள் என்பது பயம். வைத்தியர்கள் இதில் வரவே மாட்டார்கள் என்று அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொன்னது, யாரும் கேட்கவில்லை. கடைசியில் நடந்தது என்ன? இந்திய வைத்தியர்கள் வந்து குவியவில்லை. 2022க்குப் பிறகு இங்கிருந்த வைத்தியர்கள்தான் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விமானம் ஏறினார்கள்.

அதே 2016இல் இந்திய நன்கொடையில், 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதற்கும் எதிர்ப்பு. உளவாளிகள் அம்புலன்ஸில் வருவார்கள் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. இன்று நெஞ்சுவலி வந்தால் கட்சி பார்க்காமல் எல்லோரும் அழைப்பது அந்த இலக்கத்தைத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எதிர்ப்பில் ஒரு பகுதி பொருளாதாரமே இல்லை. 1987 ஜூனில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொதி போட்டதையும், அடுத்த மாதம் ஊரடங்குக்கு நடுவே இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதையும் சிங்கள மக்கள் இன்னும் அவமானமாகவே நினைக்கிறார்கள். அதன்பின் வந்த இந்திய அமைதிப்படையை யாழ்ப்பாணத்தில் பார்த்த தமிழருக்கும் இனிப்பான ஞாபகம் கிடையாது. தமிழ்நாட்டு நண்பர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். தாய்லாந்தோடு 2024 பெப்ரவரியில் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது தெருவில் பெரிய சத்தமே எழவில்லை.

ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கதை தனிச் சுவையானது. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று வகுப்பெடுத்து வளர்ந்த கட்சி அது. அந்த வகுப்பில் மலையகத் தமிழரைக்கூட இந்தியாவின் கையாள் மாதிரித்தான் காட்டினார்கள். எண்பதுகளின் கடைசியில் இந்தியப் பொருள் விற்கக்கூடாது என்று கடைகளுக்குக் கட்டளை போட்டவர்கள். அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானதும் முதல் வெளிநாட்டுப் பயணமாக 2024 டிசம்பரில் போனது டில்லிக்கு. எட்கா பேச்சைத் தொடர்வோம் என்று கூட்டறிக்கையிலும் எழுதினார்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதிகாரத்துக்கு வந்தபின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாற்றி ஏற்றும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போவதும் அங்கிருந்து வருவதும்தான். கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் திறந்தபிறகு அந்த வருமானத்தைப் பற்றி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு.

அப்புறம் எங்கள் ஊர் விஷயம். கொழும்பில் வைத்தியரும் பொறியியலாளரும் கத்திய அளவுக்கு வடக்கு விவசாயியை யாரும் கேட்கவில்லை. தமிழர்கள் என்றால் இந்தியாவோடு எதற்கும் சம்மதம் என்று தெற்கில் ஒரு எண்ணம், தமிழ்நாட்டிலும் அப்படியே. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 1970க்குப் பின் பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம் இறக்குமதியை அடைத்தபோது செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்ல விலைக்குப் போனது. அந்தக் காசில் கட்டிய கல்வீடுகளை ஊரில் இன்றைக்கும் காட்டுவார்கள். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன கதவைத் திறந்துவிட்டார், விலை விழுந்தது. சிறிமாவோ காலத்துப் பாண் (ரொட்டி) வரிசையைத் திட்டுகிற கிழவரே மிளகாய் விலைக்கு அவரைப் புகழ்வார். அறுவடை நேரத்தில் இந்திய வெங்காயம் வந்து இறங்கினால் சுன்னாகம் சந்தையில் என்ன நடக்கும் என்று சொல்ல யாருக்கும் பொருளியல் பட்டம் தேவையில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே விலை எங்கேயோ போய், ஒரு கிலோ வாங்குகிறவர்கள் கால்கிலோ வாங்கினார்கள். 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன் தருகிறோம் என்று டில்லி விலக்குக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது நட்பின்பேரில் கிடைத்த சலுகை, ஒப்பந்தத்தின்படி கிடைத்த உரிமை கிடையாது.

மீன் பிரச்சினையை இதற்குள் கொண்டுவந்தால் பதில் இரண்டு மடங்காகும். ஒன்று மட்டும்: பாக்கு நீரிணையில் இழுவைப்படகால் வலை இழந்த மன்னார் மீனவருக்கு முன்னால் போய் "நெருக்கமான பொருளாதார உறவு" என்று சொல்லிப் பாருங்கள்.

பாலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தலைமன்னாருக்குப் பாலம் என்பது 2002இலிருந்து ஓடும் பேச்சு, எனக்கு அதில் இப்போது நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. முதலில் அது வருடம் முழுக்க ஒழுங்காக ஓடட்டும்.

சரி, என் முடிவு என்ன? நான் எட்காவுக்கு எதிரானவன் இல்லை. 2 கோடிச் சொச்சம் பேர் உள்ள சந்தையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் 140 கோடிப் பேர் இருக்கும்போது கதவைச் சாத்துவது முட்டாள்தனம். ஆனால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்ற அட்டவணையை நான் கடைசியில்தான் படிப்பேன். ஒரு நாடு திடீரென்று உச்ச அளவோ குறைந்தபட்ச விலையோ வைத்தால் எத்தனை மாதம் முன்னறிவித்தல் தர வேண்டும், நடுக்கடலில் இருக்கும் சரக்குக்கு எந்த விதி, சண்டை வந்தால் இரண்டு அரசாங்கங்களுக்கும் வெளியே யார் தீர்ப்புச் சொல்வார், அவர் எவ்வளவு நாளில் சொல்ல வேண்டும் என்ற பக்கங்களைத்தான் முதலில் தேடுவேன். எங்கள் தரத்தைச் சோதித்த சான்றிதழை இந்தியத் துறைமுகம் ஏற்குமா என்பதையும். பிஸ்கட்டோ பழச்சாறோ அங்கே ஆய்வுகூட முடிவுக்காகக் காத்துக் கிடந்தால், வரி பூச்சியம் என்று எழுதியிருந்து என்ன பயன்? விவசாயிக்கு அறுவடை மாதங்களில் ஒரு பாதுகாப்பும் வேண்டும், அது பட்ஜெட் நாளில் மாறாததாக.

இதில் எதுவும் வரைவைப் பார்க்காமல் தெரியாது. சீபா காலத்திலிருந்து எதிர்ப்புக்குப் பாதிக் காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று சாதாரண ஆட்களுக்கு யாரும் சொல்லாததுதான். ஒளித்தால் மனிதன் மோசமானதைத்தான் கற்பனை செய்வான். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின, எதிர்க்கட்சிகள் பாராளுமன்றத்தில் வையுங்கள் என்று கேட்டும் அரசாங்கம் உடனே வெளியிடவில்லை. முன்பு இதே மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் இப்போது அரசாங்கத்தில் இருக்கிறார்கள். எட்கா வரைவையாவது கையெழுத்துக்கு முன் சிங்களத்திலும் தமிழிலும் போட்டு, விவசாயச் சந்தை ஊர்களான தம்புள்ளையிலும் சுன்னாகத்திலும் இரண்டு கூட்டம் வைத்தால் சத்தம் பாதியாகக் குறையும். மீதிப் பாதி 1987இல் இருந்து வருவது, அதற்கு வர்த்தக அமைச்சிடம் மருந்து இல்லை.