ஒரு சாண் கிழிசலுக்கு முழுக் கூடாரத்தின் விலையா?

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தோப்பு ஒன்றில், 'யர்ட்' எனப்படும் வட்டக் கூடாரத்தில் இரண்டு இரவுகள் தங்க, முன்பதிவு இணையதளம் ஒன்றின் வழியாகப் பணம் கட்டினோம். 'நாயுடன் வரலாம், சுற்றிலும் வேலி உண்டு' என்று விளம்பரம் சொன்னது. வாடகை போக டெபாசிட் 20,000 ரூபாய். முதல் நாள் இரவே வேலிக்கு அடியில் புகுந்து தெருநாய்கள் வந்துவிட்டன. உள்ளே இருந்த எங்கள் நாய் மிரண்டு சுவரைப் பிறாண்டியதில் கேன்வாஸ் துணி ஒரு சாண் கிழிந்துவிட்டது. டெபாசிட்டைத் தர மறுக்கும் உரிமையாளர், துணி முழுவதையும் மாற்ற இன்னும் 38,000 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்கிறார். 'நாயால் சேதம் ஏற்பட்டால் டெபாசிட் திரும்பாது' என்ற நிபந்தனைக்கு நான் சம்மதித்திருக்கிறேன். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: சகோதரி, முதலில் போலீஸ் பயத்தை விடுங்கள். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவுப்படி, சேதம் விளைவிக்கும் எண்ணமோ, சேதம் விளையும் என்று தெரிந்தே செய்ததோ இருந்தால்தான் குற்றம். மிரண்டுபோன நாயின் பிறாண்டலில் அது எங்கிருந்து வரும்? இது பணத் தகராறு மட்டுமே.

அதே சமயம், கிழித்தது உங்கள் நாய்தான். அதை மறைக்காதீர்கள். உரிமையாளருக்கு அனுப்பப்போகும் நோட்டீசில் நீங்களே எழுதிவிடுங்கள். உண்மையை ஒப்புக்கொண்டு வருபவரின் கணக்கைத்தான் நுகர்வோர் ஆணையம் நம்பும்.

நீங்கள் சம்மதித்த நிபந்தனை கண்டு கலங்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே என்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். டெபாசிட்டைப் பறிமுதல் செய்வதற்கும் இது பொருந்தும் என்று மௌலா பக்ஸ் வழக்கில் 1969-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைலாஷ்நாத் வழக்கில், 2015-இல், இழப்பே இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்றது. இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்று தெளிவாக்கியது. கிழிந்த துணியைத் தைக்க என்ன செலவு என்பது நிரூபிக்க முடியாத விஷயமா என்ன?

இங்கேதான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. யர்ட் என்பது மத்திய ஆசிய மேய்ப்பர்களின் வீடு. மரச்சட்டங்களைப் பின்னி வட்டமாக நிறுத்தி, மேலே கம்பளத் துணியைப் போர்த்துவார்கள். இன்றைய சுற்றுலா யர்ட்களில் கேன்வாஸ். பொதுவாகக் கூரைத் துணி வேறு, சுவர்த் துணி வேறு. சுவரில் ஒரு சாண் கிழிந்தால் உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதுதான் வழக்கம். உப்புக்காற்றிலும் வெயிலிலும் நின்ற துணி எத்தனை ஆண்டு பழையது? பழைய துணிக்குப் புதுத்துணியின் விலையை உங்களிடம் வாங்க முடியாது. வாங்கிய ரசீது, பழுதுபார்த்த பில் இரண்டையும் உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நீங்களும் கேன்வாஸ் தைப்பவர் இருவரிடம் மதிப்பீடு எழுதி வாங்குங்கள்.

வேலி விஷயம் உரிமையாளர் பக்கத்துப் பிழை. விளம்பரத்தில் உண்டு என்றது நேரில் உதவாத நிலையில் இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. அந்தக் குறைபாடே சேதத்துக்கு வழிவிட்டது என்று அழுத்திச் சொல்லுங்கள். வேலிக்கு அடியில் இருந்த இடைவெளியைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் மூலப் படம் உள்ள போனைப் பத்திரமாக வையுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். விளம்பரப் பக்கத்தை இன்றிரவே சேமியுங்கள். நாளை அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம்.

முன்பதிவு இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் மசியவில்லை என்றால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். புகார்தாரர் வசிக்கும் ஊரில் தொடரச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதிவிடாதீர்கள். அது மாநில ஆணையத்தின் அதிகாரம், மனு திரும்பி வரும். 'சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை' என்றே எழுதுங்கள்.

அந்த 38,000 ரூபாய்? உரிமையாளர் நுகர்வோர் அல்ல. அவர் உங்கள் மேல் அந்த ஆணையத்துக்கு வர முடியாது. சிவில் நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி, இழப்பை ரூபாய் ரூபாயாக நிரூபிக்க வேண்டும். ஆகவே ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். தையல் செலவைக் கழித்துக்கொண்டு மீதி டெபாசிட்டை 15 நாளில் திருப்பித் தருமாறு, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில், விநியோகச் சான்று கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள்.