மருமகன் ஜெர்மன்காரர்: கல்யாணம் எங்கே, விசா எது?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. சென்னை ஐடி கம்பெனி வேலையை இப்போது அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். கூட வேலை பார்த்த ஜெர்மன்காரரைக் கட்டிக்கொள்ள இரண்டு வீட்டிலும் சம்மதம். நாங்கள் இந்துக்கள், மாப்பிள்ளை எந்த மதத்திலும் இல்லை. ஆவணியில் கல்யாணம், பிறகு ஸ்டுட்கார்ட்டில் குடித்தனம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கன்சல்டன்சியில் மூன்று வழி சொன்னார்கள். டூரிஸ்ட் விசாவில் போய் டென்மார்க்கில் கல்யாணம் முடித்து ஜெர்மனியில் தங்கிவிடுவது ஒன்று. வேலை தேடுவோருக்கான ‘வாய்ப்பு அட்டை’யில் போவது இன்னொன்று. மூன்றரை லட்சம் கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வது மூன்றாவது. எதை எடுப்பது?

பதில்: மூன்றுமே வேண்டாம், அண்ணாச்சி. கல்யாணத்தை நம் ஊரில் சட்டப்படி முடித்து, அந்தச் சான்றிதழை வைத்துக் குடும்ப இணைவு விசா கேளுங்கள். ஜெர்மன் குடிமக்களின் கணவன் மனைவிக்கு அந்த விசாவுக்குக் கட்டணமே கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. மாப்பிள்ளைக்கு இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்றுகூடப் பொதுவாகக் கேட்பதில்லை. மகள் போய் இறங்கிய நாளிலிருந்து வேலை பார்க்கலாம். அந்த மூன்றரை லட்சம் எதற்கு என்று ஜங்ஷன் ஆட்களிடமே கேட்டுப் பாருங்கள்.

டென்மார்க்கில் நடக்கிற கல்யாணம் செல்லும், ஜெர்மனியும் அதை ஒத்துக்கொள்ளும். இடிப்பது கல்யாணத்துக்குப் பிறகு. டூரிஸ்ட் விசா என்பது 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கக் கொடுப்பது. மனைவியாகத் தங்குவதென்றால் அதற்குரிய விசாவைச் சொந்த நாட்டிலிருந்து வாங்கி வா என்பார்கள். அப்புறம் மகள் திரும்பி வந்து அம்பையில் உட்கார்ந்து, முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ‘ஊர் பார்க்க வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்யாணம் செய்ததும் கோப்பில் கிடக்கும். வாய்ப்பு அட்டை நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது தெரிந்த ஆள் இல்லாத ஊரில் வேலை தேடப் போகிறவர்களுக்கு. மாதத்துக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் கணக்குக் காட்ட வேண்டும், வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. கையில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு அது எதற்கு?

‘அங்கேயே போய்க் கல்யாணம் செய்கிறோம்’ என்றால் அதற்கும் தனி விசா இருக்கிறது. ஆனால் அங்குள்ள பதிவு அலுவலகம், கல்யாணத்துக்குத் தடையில்லை என்று இந்திய அரசின் சான்று கேட்கும். அவர்கள் கேட்கிற வடிவில் அப்படி ஒரு சான்று நம் நாட்டில் கிடையாது. அதிலிருந்து விலக்குத் தரச் சொல்லி அங்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு மனு போகும். ஆவணியில் முகூர்த்தம் வைத்தவர்களுக்கு அது சரிப்படாது.

இனி இங்கே நடக்கிற கல்யாணம். கோயிலில் தாலி கட்டிவிட்டு இந்துத் திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சொல்லுவார்கள். அந்தச் சட்டத்தில் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். ஒரு மதமாற்றச் சான்றிதழை வாங்கி நுழைப்பார்கள். நாளைக்கு ஜெர்மன் அதிகாரி மாப்பிள்ளையிடம் ‘நீங்கள் எப்போது இந்துவானீர்கள்?’ என்று கேட்டால் அவர் முழிப்பார். உங்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி.

அதில் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய 30 நாள் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். மகள் அம்பையில் இருப்பதால் அது போதும். நோட்டீஸை அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள். 30 நாள் கழிய வேண்டும், ஆனால் நோட்டீஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும். தாண்டினால் புது நோட்டீஸ். அன்றைக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். சார்பதிவாளர் முன்னால் சொல்ல வேண்டிய உறுதிமொழி இருவருக்கும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கோயில் தாலியை இதற்குப் பிறகு வையுங்கள். முதலில் கோயில், அப்புறம் அதே சட்டத்தில் பதிவு என்று போனால் இரண்டு பேருமே 30 நாள் இந்த மாவட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று விதி மாறிவிடும். மாப்பிள்ளைக்கு அவ்வளவு லீவு கிடைக்குமா?

ஆவணி முகூர்த்தம் என்றால் நோட்டீஸ் ஆடியில் போக வேண்டும். ஆடியில் கல்யாணப் பேச்சே ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் முனகினால், இது பேச்சு இல்லை, காகிதம் என்று சொல்லுங்கள். நோட்டீஸில் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் மாப்பிள்ளை இரண்டு தடவை வரலாம், அல்லது ஒரே தடவை நீளமாகத் தங்கலாம். ஒரே தடவை என்றால் 30 நாள் இ-விசா எடுத்துவிட வேண்டாம். நோட்டீஸுக்கே 30 நாள் போகிறது, வந்து இறங்கிய களைப்புத் தீர்வதற்குள் விசா தீர்ந்துவிடும். ஓராண்டு இ-விசா எடுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை மணமாகாதவர் என்பதற்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று சார்பதிவாளரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு அலுவலகம் ஏற்பதை அடுத்த அலுவலகம் ஏற்பதில்லை. ஏன் என்று கேட்டால் பதிலும் இல்லை.

ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ‘ஜெர்மன்காரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் வேலை பார்ப்பவரா, ஜெர்மன் குடிமகனா? பாஸ்போர்ட் அட்டையின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பிய யூனியன் நாடுகள் பெரும்பாலானவற்றின் அட்டை ஒரே கத்தரிப்பூ கலந்த சிவப்பு. உள்ளே குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டுட்கார்ட்டில் குடியிருக்கும் இத்தாலியரோ போலந்துக்காரரோ டச்சுக்காரரோ என்றால் கதையே வேறு. அவர் மனைவிக்கு ஜெர்மன் மொழிப் பரீட்சை தேவையில்லை. கட்டணம் இல்லை, விரைவாகவும் முடிக்க வேண்டும். அது ஐரோப்பிய யூனியன் சட்டம். சொந்த நாட்டிலேயே இருக்கும் ஜெர்மன்காரரின் மனைவிக்கு மட்டும் ஜெர்மன் சட்டம், அதனால் பரீட்சை. ஜெர்மனியில் வெளியூர்க்காரர் மனைவிக்குச் சலுகை, உள்ளூர்க்காரர் மனைவிக்குப் பரீட்சை! இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது? அதே ஜெர்மன்காரர் மனைவியோடு நெதர்லாந்திலோ வேறு யூனியன் நாட்டிலோ உண்மையாகக் குடியிருந்து வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் அவருக்கும் யூனியன் சட்டம் பொருந்தும். இதைக் காட்டி ‘மூன்று மாதம் வேறு நாட்டில் முகவரி மட்டும் போட்டுத் தருகிறோம்’ என்று விற்கிறவர்கள் உண்டு. முகவரி போதாது, வாழ்க்கை அங்கே நடந்திருக்க வேண்டும். உங்கள் மாப்பிள்ளை ஸ்டுட்கார்ட்டை விட்டு நகராத ஜெர்மன் குடிமகன் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

மகள் எழுத வேண்டிய பரீட்சை ஏ1, அதாவது ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலை. ஜெர்மன் மொழி சொல்லித்தரும் கெத்தே நிறுவனத்தின் பரீட்சையைச் சென்னை போன்ற ஊர்களில் உள்ள மையத்தில் எழுத வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. எழுதுவதில் ஒரு படிவம் நிரப்பி, ஏறக்குறைய 30 சொல்லில் ஒரு சிறு கடிதம். நம் பிள்ளைகள் தடுமாறுவது பேசுதலில். தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று சொல்லிப் பழகிய எழுத்து ஜெர்மனில் ‘ஏ’. ஜெர்மனில் ‘ஈ’ என்றால் ஆங்கிலத்தின் ‘ஐ’. ஆங்கில ‘வி’ அங்கே ‘ஃபௌ’, ‘டபிள்யூ’ அங்கே ‘வே’, ‘ஜே’ அங்கே ‘யொட்’. வடிவேலின் மகள் விஜயலட்சுமி என்று பெயர் இருந்தால் ‘டபிள்யூ’ தவிர அத்தனை கண்ணியும் அதிலேயே இருக்கிறது. தினமும் பத்துத் தடவை சொல்லிப் பழகட்டும். படிப்பை இன்றைக்கே தொடங்குங்கள், நோட்டீஸ் காத்திருக்கும் நாளெல்லாம் படிப்புக்கு. பணத்துக்கு ஏ1 சான்றிதழ் தருகிறோம் என்பவன் வாசலில் கால் வைக்காதீர்கள். போலி என்று தெரிந்தால் இந்த விசா மட்டுமல்ல, அடுத்ததும் போகும்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது நம் காகிதம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட அரசு வைக்கும் முத்திரை. நம் பக்கத்தில் இதை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஏராளம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, பிறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும் என்று காகிதத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் காகிதத்துக்கு 50 ரூபாய்தான். அதைவிட முக்கியம், இந்த முத்திரையை ஒருவருக்கொருவர் ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. ஆகவே இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது. அழகான முத்திரை, ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

அதற்குப் பதில் அவர்கள் வைத்திருப்பது நேரடி விசாரணை. அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டால் தூதரகத்தின் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் ஆள் அனுப்பிப் பதிவேட்டைப் பார்ப்பார், பள்ளிக்கூடத்தில் கேட்பார், பக்கத்து வீட்டிலும் கேட்பார். மாதக்கணக்கில் இழுக்கும். ரிஜிஸ்டர் கல்யாணத்தைச் சொந்தபந்தத்துக்குச் சொல்லாமல் வைத்திருந்தால், எதிர்வீட்டு ஆச்சி ‘அந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே’ என்பார். அது அப்படியே அறிக்கையில் போய் உட்காரும். தெருவுக்குச் சொல்லிவிடுங்கள்.

விசாரணையில் மாட்டுவது பெரும்பாலும் பெயர். பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும். பெயர் இல்லாத சான்றில் இப்போதே பெயர் சேர்த்துவிடுங்கள், எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிறப்பையே பல வருடம் கழித்துப் பதிந்திருந்தால் சந்தேகப்படுவார்கள், பழைய பள்ளிப் பதிவேட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். கல்யாணம் முடிந்த கையோடு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைப் போடச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். வேண்டாம். ஏ1 சான்றும் கல்யாணச் சான்றும் பழைய பெயரில் இருக்கும்.

விண்ணப்பத்துக்குப் போகும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன் அசல்களையும் நகல்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு காகிதத்துக்காக இன்னொரு ராத்திரி ரயில் ஏறாதீர்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள், அது இலவசம். மறுத்துவிட்டால் முன்பு தூதரகத்திலேயே மறுபரிசீலனை மனு கொடுக்கலாம். 2025 ஜூலை 1 முதல் அது கிடையாது. பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அல்லது திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் ‘அப்பீல் ஃபீஸ்’ வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் எதற்கு வாங்குகிறார்களோ.

விண்ணப்பம் இங்கிருந்து ஸ்டுட்கார்ட் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அவர்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் விசா குத்துவார்கள். பெரும்பாலும் கோப்பு தூங்குவது அங்கேதான். இங்கே போன் போட்டுப் பயனில்லை. விண்ணப்பம் போன வாரமே கோப்பு எண்ணோடு மாப்பிள்ளை அங்கே எழுத்தில் கேட்கட்டும், ஜெர்மன் மொழியில்.