சைகையா, பேச்சா?

கேள்வி: மகனுக்கு மூன்று வயது, பிறவியிலேயே காது கேட்காது. காதுக் கருவி போட்டிருக்கிறோம். சைகை பழக்கினால் பிறகு வாயே திறக்கமாட்டான் என்கிறா மாமி. என்ன செய்ய?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: மாமியின் பயம் புதிதில்லை, தங்கச்சி. 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய, காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் மாநாடே சைகையை ஒதுக்கிப் பேச்சு மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டது. 2010இல்தான் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தது. இடையில் எத்தனை பிள்ளைகள் மொழியே இல்லாமல் வளர்ந்தார்களோ!

சைகை பேச்சைக் கெடுக்காது. முதல் ஐந்து வயதுக்குள் ஏதோ ஒரு மொழி முழுசாக உள்ளே போகாததுதான் கெடுக்கும். உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவான் என்று நம்பியிருக்கவும் வேண்டாம், கண்ணாடி முன் நின்று 'படம்', 'மடம்' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். கருவியை விடாமல் போடுங்கள், பேச்சுப் பயிற்சிக்கும் போங்கள். பிள்ளை வளர வளரக் காது அச்சையும், அதாவது கருவியில் காதுக்குள் பொருந்தும் பகுதியையும், மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கருவி கீச்சென்று கத்தும், அவன் கழற்றி எறிந்துவிடுவான். கூடவே சைகையும் தொடங்குங்கள், மாமியையும் சேர்த்து.

பாடசாலை? காது கேளாத பிள்ளைகளுக்கென்று கைதடியில் நஃபீல்ட் பாடசாலை இருக்கிறது, ஆனால் உங்கள் ஊரிலிருந்து தூரம், இந்த வயதில் விடுதி என்றால் எனக்கு மனம் ஒப்பாது. எங்கே சேர்த்தாலும், முதலில் இடைவேளை நேரம் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று.