தலைமுறை மாறியும் கூலி எட்டவில்லையே, ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் ‘ஹிஸ்பானிக்’ என்கிறார்களே, அது ஓர் இனமா? – வாசகர், கரூர்

பதில்: இல்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் பூர்வீகம் உள்ளவர்களுக்குப் பொதுப் பெயர். மெக்சிகோ, கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ என்று எந்த ஊர்க்காரராகவும், எந்த நிறத்தவராகவும் இருக்கலாம்.

கேள்வி: வெள்ளையர் 100 டாலர் வாங்கினால் ஹிஸ்பானிக் தொழிலாளி சுமார் 75 டாலர்தான் வாங்குகிறார், 40 ஆண்டாக இதே நிலை என்று படித்தேன். புதிதாக வருகிறவர்கள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதால்தானே சராசரி இறங்குகிறது, இதில் அநியாயம் எங்கே? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. முன்னால் வந்தவர்களின் பிள்ளைகள் படித்து மேலே போகப் போக, பள்ளிப் படிப்பை முடிக்காத, ஆங்கிலம் தெரியாத புது ஆட்கள் கீழே சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அதனால் மொத்தச் சராசரி நகராத மாதிரி தெரிகிறது. ஆனால் அதே படிப்பு, அதே வயது என்று வைத்து ஒப்பிட்டாலும் இடைவெளி சுருங்குகிறதே தவிர மறைவதில்லை.

அந்தக் கீழ்ப்படி அவ்வளவு தாழ்ந்து கிடப்பதற்குச் சட்டமும் காரணம். 1938-ல் அமெரிக்கா குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்தபோது வயல் வேலையையும் வீட்டு வேலையையும் வெளியே விட்டுவிட்டார்கள். வயலுக்கு அது 1966-ல்தான் எட்டியது, அதுவும் பெரிய பண்ணைகளுக்கு மட்டும். வயல் வேலைக்கு ஓவர்டைம் கூலி தேசிய அளவில் இன்றும் கட்டாயமில்லை. 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ‘பிராசெரோ’ ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்களே, தொடக்க ஆண்டுகளில் வந்தவர்களின் கூலியில் 10 சதவீதம் சேமிப்பு என்று பிடித்தார்கள். ஊர் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவே இல்லை.

கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் என்ற கீரையின் நெருக்கமான நாற்றைக் கலைத்துவிட ஒரு குட்டைப்பிடி மண்வெட்டி கொடுப்பார்கள். பிடி ஓரடி, மிஞ்சினால் இரண்டடி. நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்தே கொத்த வேண்டும். யாராவது நிமிர்ந்தால் தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்தவர்கள் வழக்குப் போட்டு, 1975-ல்தான் அதற்குத் தடை வந்தது. முதுகு போனவருக்கு 40 வயதுக்கு மேல் என்ன கூலி கிடைக்கும், அவர் பிள்ளையை எத்தனை வருஷம் பள்ளிக்கு அனுப்பியிருப்பார், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சங்கம் சேர்க்க உதவியதற்காக மெக்சிகோக்காரர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சட்டவிரோதம்தான், ஆனாலும் அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி ஆவணம் இல்லாதவர் என்பதால் இழந்த சம்பளத்தைத் தர வேண்டியதில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது. இப்படி ஆவணம் இல்லாதவரை நீக்கினால் முதலாளிக்குப் பெரிய செலவில்லை. அது தெரிந்த இடத்தில், பக்கத்தில் நின்று அதே வேலை பார்க்கும் ஆவணமுள்ளவரும் கூலி உயர்த்தச் சொல்லி வாய் திறக்கத் தயங்குவார்.