வாட்ஸ்ஆப் செய்தி நோட்டீஸ் ஆகுமா?

கேள்வி: இங்கிலாந்தில் நான்கு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். "அடுத்த மாதம் முதல் 250 பவுண்டு கூட்டித் தாருங்கள், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள்" என்று வீட்டுக்காரர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு மூட்டை கட்டாதீர்கள். 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் அமல். காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற்ற இடம் கொடுத்த பழைய சட்டத்தின் 21ஆம் பிரிவு அத்தோடு முடிந்தது. அந்தப் பிரிவுக்குப் பயந்துதான் எத்தனையோ குடும்பங்கள் ஒழுகும் கூரையைப் பற்றிக்கூட வாய் திறக்காமல் இருந்தன.

வாடகையை உயர்த்துவது வருடத்துக்கு ஒரு முறைதான். அதுவும் உரிய படிவத்தில், குறைந்தது இரண்டு மாதம் முன்பே சொல்லி. உங்களுக்கு வந்த செய்தி அந்தக் கணக்கில் சேராது. படிவம் முறைப்படி வந்தால், புது வாடகை தொடங்கும் தேதிக்கு முன்பே தீர்ப்பாயத்தில் முறையிடுங்கள். வீட்டுக்காரர் கேட்டதற்கு மேல் தீர்ப்பாயம் கூட்ட முடியாது. அதனால் முறையிட்டால் வாடகை இன்னும் ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஆனால் இந்தச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. சந்தை வாடகைதான் அளவுகோல். இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். ஆகவே ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதே தெருவில், அதே எண்ணிக்கை படுக்கையறையுள்ள வீடுகளின் விளம்பரங்களைத் தேதி தெரியும்படி சேமியுங்கள். குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடித்திருந்தால், சரியாக மூடாத ஜன்னல் இருந்தால், படம் எடுத்து வையுங்கள்.

வாடகை முறைப்படி உயரும்வரை பழைய வாடகையை ஒரு நாள்கூடப் பிந்தாமல் வங்கி வழியாகவே கட்டுங்கள். கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள்: மூன்று மாத பாக்கி சேர்ந்தால், நான்கு வார நோட்டீஸ் கொடுத்து அவர் நீதிமன்றம் போகலாம்.

சரி, "வீட்டை விற்கப் போகிறேன்" என்று சொன்னால்? அதற்கு நான்கு மாத நோட்டீஸ் வேண்டும். அப்படிச் சொல்லி உங்களை வெளியேற்றிவிட்டு 12 மாதத்துக்குள் வேறொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றினால் அது குற்றம். அப்படி நடந்தால் உடனே உள்ளூர் கவுன்சிலையும், இலவச உதவிக்கு ஷெல்டர் அமைப்பையும் அழையுங்கள்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. அங்கே இருக்கும் உறவினருக்கு இதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.