குருவி வீட்டு ஒலிக் கருவியில் ஆட்டோ வசதிகளை எல்லாம் போட்டுவிடலாமா?

டைமரைப் போடுங்கள். மற்றதைக் குருவி கூடு கட்டும்வரை தொடாதீர்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலம், சித்தியவான் பக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ரெண்டு வரிசைக் கடை, அவ்வளவுதான் டவுன். மாமாவும் நானும் கூட்டுச் சேர்ந்து ஒரு கடையின் மேல்மாடியை வாலிட் குருவிக்கு விட்டிருக்கிறோம். எச்சிலால் கூடு கட்டும் குருவி இது; அந்தக் கூட்டைத்தான் உணவுக்கு விற்பார்கள்.

கருவியில் ரெண்டு ஒலி தனித்தனியாக ஓடும். வெளி ஒலி நுழைவாயில் ஸ்பீக்கரில். பறந்து போகிற குருவியைக் கூப்பிடுவதற்கு. உள் ஒலி, குருவி கூடு கட்ட உள்கூரையில் அடித்த பலகைகளுக்கு இடையில் சின்னச் சின்ன ஸ்பீக்கரில், மெதுவாக, 24 மணி நேரமும். வந்ததைத் தங்க வைப்பது அதுதான். வாலிட் குருவி இருட்டில் 'டிக் டிக்'கென்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடிக்கும். உள்ளே அலற விட்டால் அதற்குக் குழப்பம் என்பது என் கணிப்பு.

டைமர் தேவைப்படுவது வெளி ஒலிக்கு. நாங்கள் காலை 6.30 முதல் இரவு 7.30 வரை வைத்தோம். நம் நாட்டில் பொழுது சாயும் நேரம் வருடம் முழுக்க அரை மணி போல்தான் முன்பின் ஆகும், அதனால் ஒருமுறை வைத்தால் போதும். வெளிச்சத்தைப் பார்த்து அணையும் சென்சார் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தாலே ராத்திரி என்று நினைத்துக்கொள்ளும்.

நாங்கள் கோட்டை விட்டது டைமரில்தான். ஊசி அழுத்தி வைக்கும் மலிவு டைமர். கரண்டு போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரே வாரத்தில் மூன்று இடி மழை, மொத்தம் ஐந்தரை மணி நேரம் கரண்டு இல்லை. 7.30-க்கு அடங்க வேண்டியது நடுராத்திரி ஒரு மணி வரை கத்தியது. காலையில் கூப்பிட வேண்டியது பகல் 12 மணிக்குத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் குருவிகள் எப்போதோ இரை தேடப் போய்விட்டன. நாங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம், தெரியவில்லை. கீழே பூக்கடை அக்காதான் போன் போட்டார்: "தம்பி, உங்க குருவிக்குத் தூக்கமே வராதா?"

ஆகவே உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமராக வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரையும் கடையிலேயே சோதியுங்கள்: பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால், அதே சத்த அளவில் தானாகப் பாட வேண்டும். சில கருவிகள் பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும்.

ஒலியைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும் வசதியை வேட்டைக் கருவியிலிருந்து எடுத்திருப்பார்கள் போல. அமெரிக்காவில் கொயோட்டி (ஓநாய் இன விலங்கு) வேட்டைக்கான ஃபாக்ஸ்புரோ அழைப்பான், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் தானாக வேறு ஒலிக்கு மாறும். அங்கே அழைப்பது சில நிமிடத்துக்கு. நாம் குடும்பமே நடத்தக் கூப்பிடுகிறோம். தினமும் குரல் மாறும் வீட்டில் யார் குடியேறுவார்கள்?

இன்னொன்று, சத்தத்துக்கு உள்ளூர் மன்றத்தில் கட்டுப்பாடு உண்டு. ஸ்பீக்கர் மாட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் வெளி ஒலியின் சுவிட்ச் பூக்கடைக்குள் இருக்கிறது. அக்கா கடை அடைக்கும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.