கனடாவின் வடக்கே கள ஆய்வு: மாணவர் உதவித்தொகை பற்றிய கேள்வி-பதில்

டொராண்டோவில் இளநிலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காகக் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நூனவுட்டில் ஏரிப் படிவு (ஏரியடிச் சேறு) எடுக்க வேண்டும். வடபுல அறிவியல் பயிற்சித் திட்டம் முழுச் செலவையும் தருமா?

தராது. 1961 முதல் இருக்கும் இந்தத் திட்டத்தை இப்போது போலார் நாலெட்ஜ் கனடா என்ற மத்திய அரசு அமைப்பு நடத்துகிறது. வடக்கே போவதால் கூடுகிற செலவுக்கு மட்டுமே பணம்: பயணம், சரக்கு, தங்குமிடம், சாப்பாடு, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் கூலி. கருவி, உங்கள் சம்பளம், ஆய்வகச் சோதனை எல்லாம் பேராசிரியரின் திட்டப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பணம் கையில் இல்லாமல் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் வடபுல ஆய்வுக் குழு வழியாகத்தான் போக வேண்டும். அடுத்த கோடைப் பயணத்துக்கு இந்த இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம். தேசியக் கெடு ஒன்று, குழு வைக்கும் உள் கெடு வேறு. உள் கெடு முந்தி வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பட்ஜெட் எப்படி எழுதுவது? "பயணச் செலவு" என்று ஒரே தொகையாகப் போடலாமா?

வேண்டாம். எத்தனை டிக்கெட், எத்தனை கிலோ சரக்கு, எத்தனை இரவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலையை எழுதி, விமான நிறுவனத்தின் விலைப்புள்ளியை இணையுங்கள். படிக்கிற குழுவுக்கு எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரியும்.

அடிக்கடி விடுபடுவது திரும்பும் சரக்கு. போகும்போது படிவு எடுக்கும் காலிக் குழாய்கள். வரும்போது அவற்றுக்குள் ஈரச் சேறு. கிலோ கணக்கில் காசு வாங்கும் விமானத்தில் இந்த வித்தியாசமே பட்ஜெட்டைக் கவிழ்த்துவிடும். அடுத்தது வானிலை. நூனவுட்டின் ரெசல்யூட் போன்ற சிற்றூரில் மூடுபனி இறங்கினால் விமானம் வராது. அறை வாடகையும் சாப்பாடும் நிற்காது. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று உபரி நாள் சேர்த்து, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். அது ஆடம்பரமாகத் தோன்றாது. அது இல்லாத பட்ஜெட்தான் அனுபவமில்லாதவர் எழுதியதாகத் தோன்றும்.

ஹெலிகாப்டர், சிறு விமான வாடகையை இதில் ஏற்றப் பார்க்காதீர்கள். அதற்குப் பேராசிரியர், வடக்கே கள ஆய்வுக்குப் போக்குவரத்து வசதி செய்துதரும் அரசின் போலார் கான்டினென்டல் ஷெல்ஃப் திட்டத்திடம் தனியாகக் கேட்கலாம்.

நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. கனடியக் குடிமக்களும் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) உள்ளவர்களும்தான் தகுதி பெறுவார்கள். களத்தை நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே நுழைய விசா தேவையில்லை, ஆனால் நார்வே வழியாகத்தான் போய்வர வேண்டும். நார்வே, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது; ஸ்வால்பார்டு அதற்கு வெளியே இருப்பதால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா எடுத்தவருக்குத் திரும்பும் வழி அடைபடும். இருமுறை நுழையும் விசா கேளுங்கள்.

இனுவிக்கில் முதியவர்களைப் பேட்டி காணப் போகிறேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதாதா?

போதாது. வடமேற்குப் பிரதேசங்களில் சமூகவியல் ஆய்வானாலும் அரோரா ஆராய்ச்சி நிறுவனத்தின் உரிமம் வேண்டும். விண்ணப்பம் அந்தந்தச் சமூக அமைப்புகளின் கருத்துக்குப் போய்த் திரும்பும் என்பதால் மாதக்கணக்கில் காலம் ஒதுக்குங்கள். உரிமம் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட வேண்டியது. வனவிலங்கு, தொல்லியல் ஆய்வுகளுக்கு வேறு அலுவலகங்கள். நூனவுட்டில் இதே வேலையை நூனவுட் ஆராய்ச்சி நிறுவனம் செய்கிறது.

உரிமப் படிவத்துக்கு முன்னால் ஊரோடு பேசுங்கள். 2018-இல் கனடாவின் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரியிட் கனடாமி வெளியிட்ட ஆராய்ச்சி உத்தி, தரவு யார் கையில் இருக்கும், முடிவை யார் எடுப்பது என்று நேராகவே கேட்கிறது. அதற்குப் பதிலில்லாத விண்ணப்பம் நிதிக் குழுவிலும் தடுமாறும்.

கருவிகளை மே மாதம் லாரியில் இனுவிக்குக்கு அனுப்பலாமா?

மே மாதம் மட்டும் வேண்டாம். இனுவிக்குக்குப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பீல், மெக்கன்சி ஆறுகளைப் பாலமில்லாமல் கடக்கிறது: கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் பனிப்பாதை. பனி உடையும் வாரங்களில் இரண்டும் இருக்காது. ஆறு உறையும் காலத்திலும் இதே கதை. மார்ச்சில் அனுப்பிவிடுங்கள், அல்லது படகு ஓடத் தொடங்கியதும் அனுப்புங்கள்.

கரடியை விரட்டும் ஸ்ப்ரேயும் உலர்பனியும் (திட கார்பன் டை ஆக்சைடு) விமானத்தில் கொண்டுபோகலாமா?

ஸ்ப்ரே பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது; போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குங்கள். உலர்பனி ஒருவருக்கு 2.5 கிலோ வரை, விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு. பெட்டியை இறுக்கி ஒட்டாதீர்கள், வாயு வெளியேற வழி இல்லையென்றால் வெடிக்கும்.